பேஸ்பாலில் நிறத்தடை உடைந்த கதை: நாவலாகப் படிப்பவர்களின் கேள்விகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார், தடை உடைந்தது. இதை வைத்து வரலாற்று நாவல்கள் நிறைய வந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கானவையும் உண்டு, பெரியவர்களுக்கானவையும் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கெங்கே தடுமாறுவார்களோ, அந்த இடங்களுக்கான பதில்கள் இவை.

பேஸ்பால் ஆட்டமே தெரியாது. படித்தால் புரியுமா?

புரியும். அடிப்படை இவ்வளவுதான். அணிக்கு 9 பேர், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு முறை மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. பிட்சர் வீசும் பந்தை பேட்டர் ஹோம் பிளேட்டில் நின்று அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு மறுபடி ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன். பந்து தரையில் படாமல் வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரிதான், ஆனால் எத்தனை ரன் என்பது பேஸ்களில் ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த நாவல்களுக்கு அதற்கு மேல் மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, பேஸ் திருடுவது. பிட்சர் வீசப்போகும் சமயம் பார்த்து ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது. ராபின்சன் 1947ல் இப்படி 29 பேஸ் திருடினார், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அந்த வருடம் அதுதான் அதிகம். யார் எப்படித் திட்டினாலும் பதிலுக்குக் கை ஓங்கக் கூடாது என்று கட்டிப்போடப்பட்டிருந்த மனிதருக்கு, பதில் சொல்ல ஆட்டத்துக்குள்ளேயே இருந்த வழி இது.

இரண்டாவது, உடம்பைப் பார்த்து வீசப்படும் பந்து. இன்றைய ஹெல்மெட் அப்போது கிடையாது. அந்த ஒரு சீசனில் ராபின்சன் மேல் 9 முறை பந்து பட்டது.

மூன்றாவதுதான் முக்கியம், நாவல்களில் சட்டென்று கடந்துபோய்விடும். முதல் பேஸில் நிற்கும் ஃபீல்டர் பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் பேஸைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எதிரணிக்காரர் முழு வேகத்தில் ஓடிவந்து அதே பேஸை மிதிப்பார். அவருடைய ஷூவின் அடியில் இரும்பு ஆணி. அந்த வருடம் ராபின்சனை நிறுத்தியது முதல் பேஸில், அவருக்குப் பழக்கமே இல்லாத இடத்தில். 1947 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஈனோஸ் ஸ்லாட்டர் ஓடிவந்தபோது ஆணி ராபின்சனின் காலில் இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஸ்லாட்டர் கடைசிவரை சொன்னார். பார்த்தவர்களில் பலர் நம்பவில்லை. ஆட்டத்தின் சாதாரண விதிக்குள்ளேயே ஒருவரைக் காயப்படுத்த இடமிருந்தது, யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இது புரிந்துவிட்டால் நாவலின் பாதிப் பதற்றம் புரிந்துவிடும்.

கறுப்பர்கள் ஆடக் கூடாது என்று சட்டம் இருந்ததா?

எழுத்தில் இல்லை. 1884ல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) டொலிடோ அணிக்காக மேஜர் லீகில் ஆடியிருக்கிறார். ராபின்சன்தான் முதல் ஆள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அதனால் சரியில்லை. சிகாகோ அணியின் நட்சத்திரம் கேப் ஆன்சன் கறுப்பர்கள் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். 1887ல் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் லீகின் முதலாளிகள் கூடி, கறுப்பின வீரர்களோடு இனிப் புது ஒப்பந்தம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மற்ற லீகுகளில் அந்த அளவுகூட வெளிப்படையாக எதுவும் நடக்கவில்லை. பெரிய மனிதர்களுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். 1920 முதல் 1944ல் சாகும்வரை மேஜர் லீகின் கமிஷனராக, அதாவது தலைமை அதிகாரியாக இருந்த கெனசா மவுன்டன் லாண்டிஸ், அப்படி ஒரு விதியே இல்லை என்று 1942ல் பகிரங்கமாகச் சொன்னார். ஆனால் அவர் காலத்தில் ஒரு கறுப்பினத்தவர்கூட உள்ளே வரவில்லை.

நாவலாசிரியருக்கு இது பெரிய சங்கடம். எழுதப்படாத விதியைக் கதையில் எப்படிக் காட்டுவது? அதனால் பெரும்பாலோர் வாய்த்துடுக்கான ஒரு வெள்ளைக்கார ஆட்டக்காரனை வில்லனாக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். சிரித்த முகத்தோடு "உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், சொல்லி அனுப்புகிறோம்" என்று வழியனுப்பும் அதிகாரியைக் காட்டுகிற நாவல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. 1945 ஏப்ரலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், நகரசபை உறுப்பினர் ஒருவரின் நெருக்கடி தாங்காமல் ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் மூவரையும் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தது. மூவரும் போய் ஆடிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அணியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

நீக்ரோ லீக் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

கறுப்பினத்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட பேஸ்பால் உலகம். 1920ல் கான்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் முன்நின்று நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். பெயர் இன்று காதுக்கு உறுத்தினாலும் அவர்களே வைத்துக்கொண்ட வரலாற்றுப் பெயர், அப்படியேதான் புழங்குகிறது.

பேருந்தில் ராப்பகலாகப் பயணம், தங்க விடுதி கிடைக்காமல் யாராவது கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் படுக்கை, சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் பொட்டலம். நாவல்களில் இதெல்லாம் தவறாமல் வரும். ஆனால் இதை மட்டும் காட்டினால் அரைப் படம்தான். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் 1930லேயே விளக்குக் கம்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவு ஆட்டம் நடத்தியது. மேஜர் லீகில் இரவு ஆட்டம் வந்தது 1935ல். சிகாகோவின் கோமிஸ்கி பார்க்கில் 1933 முதல் வருடாவருடம் நடந்த கிழக்கு - மேற்கு நட்சத்திர ஆட்டம் பெரிய திருவிழா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, உடுத்தியிருந்த நல்ல துணியோடு அப்படியே மைதானத்துக்கு வருவார்கள். இந்தச் சந்தோஷத்தையும் மிடுக்கையும் காட்டாமல் புழுதியையும் பசியையும் மட்டும் காட்டும் நாவலை நான் முழுசாக நம்புவதில்லை.

1947ல் மட்டும் எப்படி நடந்தது?

பிராஞ்ச் ரிக்கி என்ற நல்லவர் மனசு வைத்தார் என்பது நாவல்களின் செல்லப் பதில். டாட்ஜர்ஸ் அணியை நடத்திய ரிக்கி துணிச்சலான ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் ரொம்பப் பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிட்ஸ்பர்க் கூரியர் இதழில் வெண்டெல் ஸ்மித்தும், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கனில் சாம் லேசியும் வருடக்கணக்காக எழுதினார்கள். கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரின் விளையாட்டுப் பக்கத்தில் லெஸ்டர் ராட்னி அதையே முழங்கினார். உலகப் போரில் கறுப்பினத்தவர்கள் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்கள். லாண்டிஸ் இறந்து, ஹாப்பி சாண்ட்லர் கமிஷனர் ஆனார். 1945ல் நியூயார்க் மாநிலம் வேலைக்கு எடுப்பதில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தன. அவர்கள் கையில் டிக்கெட் வாங்கக் காசு இருந்தது, ரிக்கிக்குக் கணக்கும் நன்றாகத் தெரியும்.

வெண்டெல் ஸ்மித்தை உங்கள் நாவல் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். ராபின்சனோடு கூடவே பயணம் செய்து தங்குமிடம் முதல் எல்லாம் ஏற்பாடு செய்தவர் அவர். பத்திரிகையாளர் மாடத்தில் அவருக்கு இடம் தரமாட்டார்கள். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் தட்டச்சுப்பொறியை வைத்துச் செய்தி அடித்தார்.

அப்போது இருந்தவர்களில் ராபின்சன்தான் சிறந்த ஆட்டக்காரரா?

இல்லை, அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. சாட்செல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் போன்ற நீக்ரோ லீக் நட்சத்திரங்கள் முன்னால் அவர் மொனார்க்ஸில் ஒரு சீசன் ஆடிய புதுமுகம். ரிக்கி தேடியது வேறு. ராபின்சன் கலிபோர்னியாவில் வளர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் வெள்ளையரோடு சேர்ந்து நான்கு விளையாட்டு ஆடியவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர். அந்த ராணுவத்தில்தான் 1944ல் பேருந்தின் பின்பக்கம் போய் உட்கார மறுத்து, ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையாகி வந்தார். அதாவது பொறுமைக்குப் பேர்போன ஆளே இல்லை. முன்கோபி. அவரை 1945 ஆகஸ்ட் 28 அன்று கூப்பிட்டு, வெள்ளையர் எப்படியெல்லாம் ஏசுவார்கள் என்று ரிக்கி நடித்தே காட்டி, தாங்குவாயா என்று கேட்டார். இந்தக் காட்சி இல்லாத நாவலே இல்லை. ராபின்சனைப் பிறவிச் சாது போல எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தத்தில் அவர் எதைக் கொடுத்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

நாவலில் வரும் காட்சிகளில் எவை உண்மை, எவை கட்டுக்கதை?

வரலாற்று நாவலில் கற்பனைக்கு உரிமை உண்டு. என்றாலும் நான்கு காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதால் தெரிந்துகொள்வது நல்லது.

சக வீரர்களின் மனு: டாட்ஜர்ஸ் வீரர்கள் சிலர் ராபின்சன் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். மேலாளர் லியோ டுரோஷர் விஷயம் கேள்விப்பட்டு ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் எழுப்பிக் கூட்டம் போட்டு அடக்கினார். இது நடந்தது. வேடிக்கை என்னவென்றால், சீசன் தொடங்கும் முன்பே வேறு விவகாரத்தில் டுரோஷருக்கு ஒரு வருடத் தடை விழுந்தது, ராபின்சனின் முதல் ஆட்டத்தில் அவர் அங்கே இல்லை.

பென் சாப்மன்: எதிரணியான ஃபிலடெல்ஃபியாவின் மேலாளர். மைதான ஓரத்திலிருந்து அவரும் அவருடைய ஆட்களும் கத்திய வசைகள் அச்சில் ஏற்ற முடியாதவை. எதிர்ப்பு கிளம்பியதும் சாப்மனையும் ராபின்சனையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். கைகுலுக்கல் கிடையாது. ஒரே மட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பீ வீ ரீஸ் தோளில் கை போட்டது: டாட்ஜர்ஸ் சக வீரரும் தெற்கே கென்டக்கியைச் சேர்ந்த வெள்ளையருமான ரீஸ், கூட்டம் ஏசிக்கொண்டிருக்கும்போது ராபின்சன் தோளில் கை போட்டு நின்றார் என்ற கதை. 2005ல் புரூக்ளினில் சிலையே வைத்துவிட்டார்கள். ஆனால் அது 1947ல் சின்சினாட்டியிலா, 1948ல் பாஸ்டனிலா என்று நினைவுகள் ஒத்துப்போவதில்லை, அந்தத் தருணத்தின் புகைப்படமும் இல்லை. இருவரும் நல்ல நண்பர்கள் என்பதில் சந்தேகமில்லை. இருந்தும் நாவலின் உச்சக்கட்டமே இதுதான் என்றால் ஆசிரியர் சுலபமான வழியில் போயிருக்கிறார்.

புகைப்படம் இருக்கிற தருணம் வேறு ஒன்று. 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி. டாட்ஜர்ஸ் புது வீரர்களைப் பழக்கும் கீழ்ப்படி அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்கு ராபின்சனின் முதல் ஆட்டம். மூன்று ரன் ஹோம் ரன் அடித்துவிட்டு ஓடிவருகிறார். அவருக்கு முன்னால் ஓடிவந்த இருவரும் ஹோம் பிளேட்டில் காத்து நிற்காமல் போய்விட்டார்கள். அடுத்து மட்டை பிடிக்கவிருந்த ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளையர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார். பெரிய துணிச்சல் என்றெல்லாம் ஷூபா நினைத்ததாகத் தெரியவில்லை. ஹோம் ரன் அடித்தவருக்கு அடுத்த ஆட்டக்காரர் கை கொடுப்பது வழக்கம், கொடுத்தார். ரீஸ் கதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஃப்ளோரிடா அத்தியாயங்கள் ஏன் இவ்வளவு நீளம்?

சீசனுக்கு முன்பான பயிற்சி முகாம்கள் தெற்கில் நடக்கும், நிறப் பிரிவினை அங்கே சட்டமாகவே இருந்தது. 1946ல் ராபின்சனும் மனைவி ரேச்சலும் கல்யாணமான மூன்றாம் வாரம் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். வழியில் விமானத்திலிருந்து இரண்டு முறை இறக்கிவிடப்பட்டு, கடைசியில் பேருந்தின் பின்னிருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். சான்ஃபோர்டு ஊரிலிருந்து மிரட்டல் வரவே டேட்டோனா பீச்சுக்கு மாற வேண்டியதாயிற்று. ஜாக்சன்வில்லில் மைதானத்தையே பூட்டிவிட்டார்கள். டிலாண்டில் விளக்கு பழுது, ஆட்டம் இல்லை என்றார்கள். அது பகல் ஆட்டம்.

நாவலில் இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ரேச்சல் கதையில் உயிரோடு இருக்கிறாரா, கணவனைப் பார்த்துக் கண்கலங்க மட்டும் வருகிறாரா என்பதும் இங்கேதான் தெரியும்.

லாரி டோபி என்று ஒருவர் வருகிறார். அவர் யார்?

மேஜர் லீகின் இன்னொரு பிரிவான அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரர். 1947 ஜூலை 5 அன்று கிளீவ்லாண்டு அணியில் சேர்ந்தார், ராபின்சனுக்குப் பதினொரு வாரத்துக்குச் சற்று அதிகம் கழித்து. ராபின்சனுக்கு மான்ட்ரியலில் ஒரு வருடம் பழகக் கிடைத்தது. டோபி முந்தின நாள்வரை நெவார்க் ஈகிள்ஸ் என்ற நீக்ரோ லீக் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர், வயது 23. கைகுலுக்கக்கூட மாட்டேன் என்ற சக வீரர்களும் இருந்தார்கள். பட்ட பாடு கொஞ்சமும் குறைவில்லை, பெயர் மட்டும் பின்னால் போய்விட்டது. பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் ராபின்சனுக்கு இடம் கிடைத்தது 1962ல், டோபிக்கு 1998ல். இரண்டாவதாக வந்தவரைப் பற்றிய நாவல் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த வெற்றியால் நீக்ரோ லீக் என்ன ஆனது?

அழிந்தது. இந்தக் கேள்விக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்பதை வைத்தே நான் இவ்வகை நாவலை எடைபோடுவேன்.

நெவார்க் ஈகிள்ஸின் கணக்கைப் பாருங்கள். 1946ல் நீக்ரோ லீகுகளின் இறுதித் தொடரான நீக்ரோ வேர்ல்டு சீரிஸ் வென்ற அணி, அந்த வருடம் ஏறக்குறைய 1,20,000 பேர் ஆட்டம் பார்க்க வந்தார்கள். 1947ல் அதில் பாதிகூட இல்லை. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்க ரயிலேறிவிட்டார்கள். 1948 சீசனோடு நீக்ரோ நேஷனல் லீக் மூடப்பட்டது. ஈகிள்ஸை நடத்தியவர் எஃபா மேன்லி, பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற ஒரே பெண். ரிக்கி ராபின்சனை எடுத்துக்கொண்டபோது மொனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நீங்கள் முறையான லீகே இல்லை, உங்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை என்பது அவர் வாதம். மேன்லி இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். டோபிக்காக கிளீவ்லாண்டு அணியின் முதலாளி பில் வெக் அவருக்கு 15,000 டாலர் கொடுத்தார். அதுவும் ஒரு வெள்ளையரை வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் தொகை இல்லை.

மேஜர் லீக் தனக்கு வேண்டிய இளைஞர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. வயதான ஆட்டக்காரர்கள், மேலாளர்கள், அணி முதலாளிகள், மைதானத்துக்கு வெளியே கடை போட்டவர்கள் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சனின் முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார்.

பல நாவல்களில் கதைசொல்லி வெள்ளைக்காரச் சிறுவனாக இருக்கிறானே?

தெரியாதவன் கண்ணால் சொன்னால் வாசகருக்கும் வசதி என்று நினைக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமாக எழுதினால் பலிக்கும், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா பேசுவது பையன் மனசில் எப்படி இறங்குகிறது என்று காட்டலாம். ஆனால் பெரும்பாலும் கடைசியில் பையன் திருந்துகிறான், ராபின்சன் அவனுக்குப் பந்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார், எல்லோரும் சுகம். அத்தனை அடி வாங்கியவர் ஒரு பையனின் மனமாற்றத்துக்குத் துணைப் பாத்திரமாகிவிடுகிறார்.

பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா? வசைச்சொற்கள் வருமே?

பத்து, பதினொரு வயதுக்கு மேல் தாராளமாக. ஆங்கிலத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்த ஒரு வசைச்சொல் பெரும்பாலான நாவல்களில் வரும். அதைப் படிக்கும் முன்பே, இது யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாத சொல், அன்று எப்படிப் பேசினார்கள் என்று காட்ட ஆசிரியர் போட்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சத்தமாக வாசித்தால் அந்த இடத்தில் சொல்லாமல் தாண்டுவதே நல்லது.

இதில் பெண்கள் உண்டா?

மேன்லியையும் ரேச்சலையும் சொன்னேன். மட்டை பிடித்தவர்களும் உண்டு. டோனி ஸ்டோன் 1953ல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணியில் ஆண்களோடு ஆடினார், அவரைத் தொடர்ந்து மேமி ஜான்சனும் கோனி மார்கனும் வந்தார்கள். வெள்ளைப் பெண்களுக்கென்று தனி லீக் இருந்தது. கறுப்பினப் பெண்ணை அது கடைசிவரை சேர்க்கவில்லை.

நாவல் 1947லேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு?

கதையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். எல்லா அணிகளும் ஒரு கறுப்பின வீரரையாவது சேர்த்துக்கொள்ளப் பன்னிரண்டு வருடம் ஆனது. கடைசி அணி, 1945ல் அந்தச் சோதனை ஆட்டம் நடத்திய அதே ரெட் சாக்ஸ். 1959ல் பம்ப்ஸி கிரீன் வரும்போது ராபின்சன் ஓய்வே பெற்றுவிட்டார். தெற்கின் சிறு லீகுகளில் 1953ல் 19 வயது ஹாங்க் ஆரன் ஜாக்சன்வில் அணிக்காக ஆடினார். பூட்டுப் போட்ட அதே ஜாக்சன்வில்.

ராபின்சனும் அந்த அமைதியான மனிதராகவே இருந்துவிடவில்லை. வாய்ப்பூட்டு கழன்றதும் நடுவர்களோடு சண்டை போட்டார், 1949ல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார், அரசியல் பேசினார். 1960 அதிபர் தேர்தலில் நிக்சனை ஆதரித்துப் பலரிடம் திட்டும் வாங்கினார். 1972 அக்டோபரில் மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் மேடையில் கௌரவிக்கப்பட்டபோது, கறுப்பின மேலாளர் ஒருவரைப் பார்க்கும் நாள் வந்தால்தான் தனக்கு நிறைவு என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒன்பது நாளில் இறந்துபோனார். ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாண்டின் மேலாளரானது 1975ல்.

எல்லோரும் 42 என்று எழுதிய சட்டை போடுகிறார்களே?

ராபின்சனின் எண். 1997ல் எல்லா அணிகளிலும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் அணிவார்கள்.

நாவலின் பின்னிணைப்பில் உள்ள சாதனைப் பட்டியலும் இணையத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையே?

புத்தகம் எப்போது அச்சானது என்று பாருங்கள். 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீகுகளையும் மேஜர் லீக்தான் என்று 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் புள்ளிவிவரங்கள் 2024 மே மாதத்தில் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் (கிரிக்கெட் சராசரி அல்ல, அடிக்க வந்த முறைகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்பது) அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் 0.367. இப்போது முதலிடம் ஜோஷ் கிப்சனுக்கு, 0.372. நீக்ரோ லீக் சீசன்களில் ஆட்டங்கள் குறைவு, ஒப்பிடுவது சரியா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. 2024 மே மாதத்துக்கு முந்தைய பதிப்பு என்றால் பின்னிணைப்பை மட்டும் ஒதுக்கிவிட்டுப் படியுங்கள்.